வருகிறவருக்கு ஓர் அறை

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது எம்மவர் வழக்கு. இடம்பெயர்ந்த எமக்கோ அந்த மூன்று நாள் மூன்று வருடமாகி, சிலருக்கு முப்பது வருடத்தையும் தாண்டிவிட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்களும், அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 ஒக்ரோபர் முடிவில் இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தவர்களும், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக அலைந்தவர்களும் பிறர் வீட்டுத் திண்ணையில் படுத்து எழும்பியவர்களே. ஆகவே, விருந்தாளி ஒருவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதை எமக்கு யாரும் வகுப்பு வைத்துக் கற்பிக்க வேண்டியதில்லை. நாம் அதை நினைவுக்குக் கொண்டு வந்தாலே போதும்.

ஏன் இதை இப்போது எழுதுகிறோம்? திரும்பிக் குடியேறிய ஊர்களில், காசு வாங்கிக்கொண்டு ஓர் அறையை விருந்தினருக்குக் கொடுக்கலாமா என்று பல குடும்பங்கள் எம்மிடம் கேட்கின்றன. கேள்வி நியாயமானதே. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 இல் தலைமன்னாருக்கும் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2019 ஒக்ரோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. புலம்பெயர்ந்த எமது பிள்ளைகள் தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆடி, ஆவணியில் வருகிறார்கள். நல்லூரில் 25 நாள் திருவிழா நடக்கிறது. மடுவில் ஆவணி 15 ஆம் நாள் பெருநாளுக்குச் சனம் நிறைகிறது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை மன்னாரின் வங்காலைப் பக்கத்துக்குப் பறவை பார்க்க வெளிநாட்டவர் வருகிறார்கள். அந்தச் சரணாலயம் 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக றாம்சார் பட்டியலில் சேர்ந்தது. வருகிறவர்கள் எல்லோரும் ஹொட்டேலை விரும்புவதில்லை. கிணற்றடியும் வேப்பமரமும் உள்ள வீடொன்றில் தங்கவே பலர் ஆசைப்படுகிறார்கள்.

ஆனால் இதிலே ஆபத்தும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் கண்ட ஒரு வீடு

மன்னார்ப் பெருநிலப்பரப்பில் குளத்து வாய்க்காலோரம் ஒரு குடும்பம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி. வெள்ளைக்காரர் வருவார்கள் என்று யாரோ சொல்ல, கிழமைக் கடன் எடுத்தார்கள். செற்றி வாங்கினார்கள், பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கினார்கள், பூப்போட்ட திரைச்சீலை தொங்கவிட்டார்கள். முன் அறையை விருந்தினருக்கு ஒதுக்கினார்கள். அந்த அறையில் படுத்த பாட்டியின் பாய் விறாந்தைக்குப் போனது.

முதல் வந்தவர்கள் பறவை பார்க்க வந்த ஒரு தம்பதிகள். விடிய நாலு மணிக்கு எழும்பினார்கள். குடிக்கச் சுடுதண்ணீர் இல்லை. நுளம்பு வலையிலே இரண்டு ஓட்டை. சேறு பிடித்த சப்பாத்தைக் கழுவி வைக்க இடமில்லை. செற்றியில் அவர்கள் ஒருமுறையும் இருக்கவில்லை. தொலைக்காட்சியைப் போடவும் இல்லை. கதவைத் திறந்து வெளியே வந்தபோது வாசற்படியோரம் சுருண்டு படுத்திருந்த பாட்டியைக் கண்டார்கள். தாங்கள் படுத்தது யாருடைய கட்டில் என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. மூன்று நாள் தங்க வந்தவர்கள் அன்று மத்தியானமே காசை முழுதாகக் கொடுத்துவிட்டு நகரத்துக்குப் போய்விட்டார்கள். குறை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அந்தக் குடும்பத்துக்கு மிகவும் வலித்தது.

செற்றியை வாங்கிய விலைக்கும் குறைய விற்றார்கள். கடனில் ஒரு பகுதிதான் அடைந்தது. பாட்டி தன் அறைக்குத் திரும்பினா. வீட்டோடு ஒட்டி, தனி வாசலுடன் இருந்த நெல் அறையை வெறுமையாக்கிச் சுண்ணாம்பு அடித்து, அதையே விருந்தினர் அறையாக்கினார்கள். இன்றும் அது நடக்கிறது. அந்த அறையில் இருப்பவை எல்லாம் அவசியமானவை. அலங்காரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இதிலிருந்து நாம் எடுக்கும் முதல் விதி இது: எமது வீட்டுக்குள்ளேயே நாம் இன்னொரு தரம் இடம்பெயரக் கூடாது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீட்டில் ஐந்து பேர் இருந்தால், அங்கே கொடுப்பதற்கு அறை இல்லை. படிக்கிற பிள்ளையின் மேசையையோ முதியவரின் கட்டிலையோ எடுத்துத்தான் அறை உண்டாக்க வேண்டுமானால் இந்தத் தொழிலை விட்டுவிடுவது மேல். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போய் வெறுமையாகக் கிடக்கும் அறை, பாவிக்காத களஞ்சிய அறை, வளவில் நிற்கும் பழைய வீடு என்று ஏதாவது இருந்தால் மட்டும் மேலே வாசியுங்கள்.

கட்டிலும் படுக்கையும்

விருந்தினர் காசு கொடுப்பது முதலில் நித்திரைக்காகவே. ஆகவே கையில் இருக்கும் பணத்தின் பெரும்பங்கு கட்டிலுக்கும் மெத்தைக்கும் போக வேண்டும்.

எமது கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கட்டில் 72 அங்குல நீளம். ஆறடிக்கு மேற்பட்ட ஒருவரின் கால் அதிலே வெளியே நிற்கும். புதிதாகச் செய்விப்பதானால் 78 அங்குல நீளத்தில் செய்வியுங்கள். மெத்தையின் அளவை எடுத்துக்கொண்டு தச்சரிடம் போங்கள். கட்டிலைச் செய்துவிட்டு மெத்தை தேடாதீர்கள். ஒரு பெரிய கட்டிலிலும் இரண்டு தனிக் கட்டில் நல்லது. கணவன் மனைவி வந்தால் சேர்த்துப் போடலாம், இரு நண்பர்கள் வந்தால் பிரித்துப் போடலாம். வேப்பம் பலகையோ பழைய வீட்டுப் பனை மரமோ வளவில் இருந்தால் மரத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஒரு கட்டிலுக்கு மூன்று சோடி விரிப்பு வேண்டும். ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். இரண்டு போதும் என்று நினைப்போம். கார்த்திகை மழையில் இரண்டு நாளாகியும் துணி காயாதபோதுதான் மூன்றாவதன் அருமை தெரியும். வெள்ளைப் பருத்தி விரிப்பே நல்லது. அழுக்குத் தெரியும் என்பதே அதன் நன்மை: கொதிநீரில் அவிக்கலாம், வெளுக்கலாம், வருகிறவருக்கும் சந்தேகம் வராது. மெத்தைக்கு மேல் தடித்த உறை ஒன்று போட்டால் மெத்தை பல வருடம் உழைக்கும். தலையணை ஆளுக்கு இரண்டு, துவாய் ஆளுக்கு இரண்டு, கால் துடைக்கும் துணி ஒன்று.

நுளம்பு வலை கட்டாயம். மலேரியா எமது நாட்டில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றளித்தது. விருந்தினர் கேட்டால் தயங்காமல் அதைச் சொல்லலாம். ஆனால் டெங்கு இருக்கிறது. அதைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே யன்னலுக்குக் கம்பி வலையும் அடித்தால் நல்லது. கட்டில் வலை நாலு மூலையிலும் கட்டும் பெட்டி வலையாக இருக்கட்டும். அதன் விளிம்பு மெத்தைக்குக் கீழே செருகுமளவு நீளமாக இருக்க வேண்டும். ஓட்டை விழுந்தால் அன்றே தையுங்கள். பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின் தட்டு, சிரட்டை, கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சட்டி எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறையாவது ஊற்றிக் கழுவித் தேயுங்கள். முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை, பத்து நாள் போதும்.

அறையில் வேறு என்ன?

சிறு மேசை ஒன்று, கதிரை இரண்டு, சட்டை தொங்கவிட ஆறு கொழுவி, பெட்டியைத் தரையில் வைக்காமல் உயர்த்தி வைக்க ஒரு வாங்கு, முகம் பார்க்கும் கண்ணாடி, மூடியுள்ள குப்பைக் கூடை. கதவுக்கு உள்ளே நல்ல தாழ்ப்பாள், வெளியே பூட்டு, இரண்டு திறப்பு. ஒரு திறப்பு விருந்தினர் கையில், மற்றது உங்களிடம். அவர் இருக்கும்போது கேட்காமல் அந்த அறைக்குள் போகக் கூடாது. கூட்டுவதற்கென்றாலும் கேட்டுவிட்டே போக வேண்டும்.

வாசலுக்கு வெளியே ஒரு கொடிக் கயிறு, சப்பாத்துக் கழுவ ஒரு பைப் அல்லது வாளி, கால் கழுவக் கல். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் வயலும் குளமும் பார்த்துச் சேற்றோடு வருகிறவருக்கு இவைதான் பெரிய உதவி.

பனையோலைப் பாய், பெட்டி, நீத்துப்பெட்டி, கடகம் இவற்றை எமது பெண்களே இழைக்கிறார்கள். குப்பைக் கூடைக்கும் அழுக்குத் துணி போடவும் அவற்றைப் பாவியுங்கள். வருகிறவர் விரும்பி விலைக்குக் கேட்பார். அயல் வீட்டுக்கும் நாலு காசு சேரும்.

மின்சாரத்தில் கவனம் தேவை. எமது மின் அழுத்தம் 230 வோல்ற். இப்போது நாட்டில் பொதுவாக்கப்பட்டிருப்பது சதுர முள் உள்ள 13 அம்பியர் செருகி. வெளிநாட்டவர் பலர் உருண்டை முள்ளோடு வருவார்கள். பொருத்தி ஒன்றை வாங்கி மேசையில் வைத்தால், ஈர்க்கிலைச் செருகி நெருப்புப் பறக்கச் செய்யும் வேலை இருக்காது. கட்டில் தலைமாட்டில் ஒரு செருகுமிடமும் ஒரு விளக்கும் வேண்டும். ‘ட்ரிப் சுவிச்’ இல்லாத வீட்டில் விருந்தினரை வைக்க வேண்டாம். கையில் ஈரத்தோடு தொடுகிற ஒருவரின் உயிர் அதில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் பாவிக்க ரோர்ச் லைற் வையுங்கள். நுளம்பு வலைக்குக் கிட்ட மெழுகுதிரியும் குப்பி விளக்கும் ஒருபோதும் வேண்டாம்.

தண்ணீரும் மலசலகூடமும்

வசதி குறைந்தாலும் பொறுப்பார்கள், துப்புரவு குறைந்தால் பொறுக்கமாட்டார்கள். மலசலகூடம் விருந்தினருக்குத் தனியாக இருப்பது நல்லது. முழங்கால் நோவுள்ள முதியவர்களும் வெளிநாட்டில் பிறந்த எமது பேரப்பிள்ளைகளும் குந்தி இருக்கச் சிரமப்படுவார்கள். ஆகவே இருக்கை உள்ள கொமட் வையுங்கள். தண்ணீர்ப் பைப்போடு கடதாசிச் சுருளும், மூடியுள்ள சிறு கூடையும் வேண்டும். நிலம் வழுக்கக் கூடாது. உடுப்புத் தொங்கவிடக் கொழுவியும், சவர்க்காரம் வைக்கத் தட்டும் மறக்க வேண்டாம். இரவில் அங்கே போகும் வழிக்கு ஒரு மின்குமிழ் போடுங்கள்.

மலக்குழி கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணக்கல் நிலத்தில் அழுக்கு வெடிப்புகளினூடாக வேகமாக ஓடும். அங்கே 50 அடியும் போதாது, இயன்றளவு கூடத் தள்ளுங்கள், அடியும் பக்கமும் சீமெந்து பூசுங்கள். விருந்தினர் வருவதற்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பிள்ளைகளுக்கும் நன்மைதான்.

குடிதண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, கொப்புளம் பொங்கியபின் ஒரு நிமிடம் வைத்து இறக்கினால் கிருமி சாகும். ஆனால் ஒன்றை விவசாயிகளாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி யூரியா போட்ட ஊர்களில் கிணற்று நீரில் நைத்திரேற்று சேர்கிறது. கொதிக்கவைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். கைக்குழந்தைகளுக்கு அது கெடுதி. அப்படியான இடத்தில் குழாய்த் தண்ணீரையோ போத்தல் தண்ணீரையோ வைத்து, ஏன் வைக்கிறோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

சாப்பாடு

அறையின் மூலையில் ஒரு மின்கேத்தல், இரண்டு கோப்பை, தேயிலை, சீனி, மூடியுள்ள போத்தலில் தண்ணீர். விடிய எழும்புகிறவர் உங்களை எழுப்பாமல் தேநீர் குடிப்பார். காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் பட்டரும் தேடி ஓட வேண்டாம். இடியப்பம், சொதி, சம்பல், புட்டு, வாழைப்பழம் இவையே அவர்கள் விரும்பி வந்தவை. உறைப்பைக் கேட்டுப் போடுங்கள். கச்சான், முட்டை, இறால் ஒத்துவராதவர் உண்டா என்று வந்த அன்றே கேளுங்கள். ஒரே மாதிரியான பீங்கான், கோப்பை, கரண்டி ஆறு சோடி இருந்தால் தாராளம்.

கணக்குப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. உங்கள் ஊரின் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஓர் இரவுக்கு 5,000 ரூபா என்று வைப்போம். ஆள் அனுப்பிய முகவருக்கு நூற்றுக்கு 15 வீதம் 750. இருவரின் காலைச் சாப்பாடு 1,000. சவர்க்காரம், சலவை, தேயிலை 450. மின்சாரம் 300. மீதி 2,500. அதிலும் 500 ரூபாவைத் தேயும் விரிப்புக்கும் மெத்தைக்கும் ஒதுக்க வேண்டும். கையில் நிற்பது 2,000. வருடத்தில் 60 இரவு ஆள் வந்தால் 120,000 ரூபா. மூன்று இலட்சம் கடன் எடுத்து அறையைச் சோடித்தவர், வட்டியை விட்டு முதலை மட்டும் அடைக்கவே இரண்டரை வருடம் வேண்டும். ஆட்கள் வராத வருடங்களும் உண்டு: 2019 இல் குண்டுவெடிப்பு, 2020 இல் கொரோனா, 2022 இல் எரிபொருள் வரிசை. அதற்காக எடுத்த கடன் தானாக அழிந்துவிடாது.

ஆகவே எமது ஆலோசனை இது. கிழமைக் கடனில் தளபாடம் வாங்காதீர்கள். முதல் வருடம் கட்டில், விரிப்பு, வலை, மலசலகூடம் மட்டும். வருகிற காசில் இரண்டாம் வருடம் மின்விசிறி, மேசை. வயலை விட்டுவிட்டு இதை நம்ப வேண்டாம். விருந்தினர் கூடுதலாக வரும் ஆடி, ஆவணி காலபோக விதைப்புக்கு முந்திய மாதங்கள். அப்போது கைக்கு நேரம் கிடைக்கும். தை, மாசி அறுவடையில் ஆள் இல்லையென்றால் அறையைப் பூட்டி வைப்பதில் வெட்கமில்லை. கூட்டுவது, துவைப்பது, சமைப்பது எல்லாம் அம்மாவின் தலையில் மட்டும் விழுமானால் அந்த இலாபம் கணக்கில் பிழை.

பிள்ளைகளும் எமது கதையும்

சில காரியங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைத் தனியே விருந்தினர் அறைக்குத் தேநீர் கொடுத்து அனுப்பாதீர்கள். எவ்வளவு நல்லவராய்த் தெரிந்தாலும் அவரோடு தனியே உலாவ விடாதீர்கள். சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். இந்த இலக்கத்தையும், பொலிஸ் 119, நோயாளர் வண்டி 1990 ஆகியவற்றையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் பின்னால் ஒட்டுங்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் கிட்ட இருந்தால், சிவப்பு அடையாளப் பலகையைத் தாண்டக் கூடாது என்று வந்த அன்றே சொல்லுங்கள்.

வருகிறவர்கள் யுத்தத்தைப் பற்றிக் கேட்பார்கள். சொல்ல மனமிருந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் ‘அதை இப்போது பேச விருப்பமில்லை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவர் கொடுத்த காசு அறைக்கும் சாப்பாட்டுக்குமே. எமது துயரம் அதில் சேராது. காணாமற் போன மகனின் படம் தொங்கும் சுவரை விருந்தினருக்காக வெறுமையாக்க வேண்டியதும் இல்லை, காட்டிக் கதை சொல்ல வேண்டியதும் இல்லை.

தொடங்குமுன், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிவதற்கான விதிகளைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். காணி அனுமதிப்பத்திரத்தில் உள்ளதா, உறுதியில் உள்ளதா, பிறருடையதா என்பதையும் அங்கேயே தெளிவாக்குங்கள். பிறர் காணியில் கட்டடத்துக்குக் காசு போடாதீர்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடிய கட்டிலும் மேசையும் வேறு, சுவர் வேறு. தங்குகிறவரின் பெயர், கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை இலக்கம், வந்த நாள், போன நாள் எழுத ஒரு கொப்பி வையுங்கள்.

முதல் விருந்தினர் வருவதற்கு முந்திய இரவு, வீட்டுக்காரரில் ஒருவர் அந்த அறையில் படுத்துப் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டுச் சுவிச்சைத் தேடுங்கள். நடுச்சாமத்தில் மலசலகூடத்துக்குப் போய் வாருங்கள். விடிய ஒரு தேநீர் போட முடியுமா என்று பாருங்கள். எது தட்டுப்பட்டதோ அதைத்தான் அடுத்த நாள் வாங்க வேண்டும்.

குடும்பமாக இருந்து பேசுவதற்கு

1. நாம் பிறர் வீட்டில் தங்கிய காலத்தில் எது எமக்கு ஆறுதலாக இருந்தது? எது எம்மை நோகச் செய்தது?

2. இந்த அறையை விருந்தினருக்குக் கொடுத்தால் எமது வீட்டில் யாருக்கு இடம் குறையும்? அவரிடம் கேட்டோமா?

3. ஒரு வருடம் யாரும் வராவிட்டாலும் எமது அடுப்பு எரியுமா?

மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்லக்கூடிய குடும்பம் தொடங்கலாம். மற்றவர்கள் இன்னும் ஒரு போகம் பொறுத்திருக்கலாம்.